பெரியம்மாவின் ஏ.ரி.எம் காட் மகனிடம், வீட்டு உறுதியும் மகனிடம்: என்ன செய்யலாம்?

பெறாமகள்

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், வீட்டில் இப்படி ஒன்றைக் கண்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் பெரியம்மாவுக்கு 78 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருகோணமலைப் பாலையூற்றில் சொந்த வீடு. பெரியப்பா இறந்து கன காலம். மூன்று பிள்ளைகள்: மூத்தவர் கனடாவில், மகள் மட்டக்களப்பில், இளையவர் மனைவி பிள்ளைகளோடு பெரியம்மாவின் வீட்டிலேயே இருக்கிறார்.

பென்சன் முழுவதும் இளையவரின் கையில். ஏ.ரி.எம் காட், அதன் இரகசிய இலக்கம் இரண்டும் அவரிடம்தான். வெற்றிலை வாங்குவதற்கும் வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு ஓட்டோவில் போவதற்கும் பெரியம்மா மருமகளிடம் கேட்டு நிற்க வேண்டும். போன கிழமை என்னிடம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு "அவனுக்குச் சொல்லிப் போடாதே" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் எடுத்த மனுசி.

இரண்டு வருடத்துக்கு முன்பு நொத்தாரிசு ஒருவரிடம் கூட்டிப் போய் வீட்டை இளையவரின் பெயருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. ஏதாவது வாய் திறந்தால் "வீடு இப்ப என்ர பேரில, மறந்து போகாதேங்கோ" என்று மகன் சொல்வாராம். அடிப்பதில்லை. சாப்பாடு கிடைக்கிறது. பிரஷருக்கான மருந்து சில மாதம் வரும், சில மாதம் வராது.

அவரைக் கொடியவர் என்றும் சொல்ல மனம் வரவில்லை. 2022 நெருக்கடியில் கடை படுத்தது, கழுத்து வரை கடன். ஆனாலும் இது சரியில்லை. பெரியம்மாவோ பொலிஸ் என்ற பேச்சையே எடுக்க விடுகிறார் இல்லை. அவருக்குத் தெரியாமல் நானே போய் எங்காவது முறையிடலாமா?

சாம்பல்தீவான்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள். தாயின் காசில் கை வைக்கிறவனுக்கு வெட்கம் இல்லாவிட்டால் பயமாவது வரட்டும்.

உறுதிக்காரன்

தங்கச்சி, பொலிஸுக்கும் போக வேண்டாம், மகனோடும் கதைக்க வேண்டாம். முதலில் உறுதியை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, பாருங்கள். நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் கிளாக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "வீடு என் பெயரில்" என்ற வாய்ச்சொல்லுக்கும் உறுதியில் உண்மையில் எழுதியிருப்பதற்கும் நிறைய இடைவெளி இருக்கும்.

இலங்கையில் காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் உறுதி முடிக்க வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. முடிப்பதற்கு முன் நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்தவும் வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? மகன் ஓட்டோவைப் பிடித்து அம்மாவைக் கூட்டி வருவார், கண்ணாடி வீட்டில் மறந்து போயிருக்கும், "எல்லாம் சொன்னதுதான் அம்மா, இந்த இடத்தில் வையுங்கோ" என்பார். அம்மாவும் வைத்துவிடுவார்.

அந்த உறுதி காணிக் கந்தோரில் பதிவாகியிருக்கும். கட்டணம் கட்டி யாரும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம், பிரதியும் எடுக்கலாம். அதில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

அது நன்கொடை உறுதியா, விற்றதாக எழுதும் அறுதி உறுதியா? காசு ஒரு சதமும் கைமாறாமல் விற்றதாக எழுதிவிடுகிற கதைகள் உண்டு. விற்பனை என்றால் பிறகு "நன்றிகெட்ட பிள்ளை, திருப்பித் தா" என்று கேட்கிற வழி அடைபட்டுப் போகும். நீங்கள் பிறகு "காசே தரவில்லை, ஏமாற்றி எழுதினது" என்று நிரூபிக்கிற பெரிய வழக்குக்குப் போக வேண்டும்.

நன்கொடை என்றால் சீவிய உரித்து ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நல்ல நொத்தாரிசுகள் தாங்களாகவே கேட்டு அதைப் போடுவார்கள். சீவிய உரித்து இருந்தால் பெரியம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கிற உரிமை, வாடகைக்கு விட்டு வாடகை எடுக்கிற உரிமை எல்லாம் அவருடையது. மகன் பெயரளவில்தான் சொந்தக்காரர்.

பிறகு, மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதியிருக்கிறதா என்பது. அப்படி எழுதியிருந்தாலும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: கொடுத்தவருக்குப் பெரும் நன்றிகேடு செய்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ரத்துச் செய்விக்கலாம். அடிப்பது, உயிருக்கு உலை வைப்பது, பெரிய நட்டம் உண்டாக்குவது, உறுதியில் போட்ட நிபந்தனையைச் செய்யாமல் விடுவது போன்றவை. அந்தச் சட்டத்துக்கு முன்பு ஆட்கள் தாங்களாகவே ஒரு ரத்து உறுதி எழுதிப் பதிந்துவிட்டு வருவார்கள், வாங்கினவன் தலையில் விழும். இப்போது நீதிமன்றக் கட்டளை வேண்டும். வழக்குப் போடக் காலக்கெடுவும் உண்டு, ஆகவே "பார்ப்போம் பார்ப்போம்" என்று இழுக்கக் கூடாது.

இன்னொன்று. வீடு முதலில் யாருடைய பெயரில் இருந்தது? பெரியப்பாவின் பெயரில் இருந்து அவர் மரண சாதனம் (உயில்) எழுதாமல் இறந்திருந்தால், பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பம் என்றால் கணக்கு வேறு. எப்படியோ, தன்னிடம் இல்லாததைப் பெரியம்மா எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

ஸ்காபரோ ராசன்

நான் அந்த மூத்த மகன் இல்லை, ஆனால் அவருடைய இடத்தில் இருக்கிற ஒருவன். மாதாமாதம் ஊருக்குக் காசு போகிறது, ஒரு பகுதி பேங் மூலம், அவசரத்துக்கு உண்டியல்காரர் மூலம். அம்மாவோடு வீடியோவில் கதைத்தால் அதே பழைய சேலை, காலில் அதே பிய்ந்த செருப்பு. பின்னால் சுவரில் புது ரீவி. பில்லை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தம்பிக்குக் கோபம், தம்பி மனைவி என் நம்பரையே தடுத்துவிட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 60 வயது தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்று சொல்கிறது. காசு விடயமும் அதில் அடக்கம். எங்கள் ஆட்கள் மட்டும் அதற்கு வெளியே என்று நினைக்கிறோம். பிள்ளை செய்தால் அதற்குக் களவு என்று நாங்கள் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

பெறாமகள், மூத்தவருக்கு உடனே எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

நிலாவெளி வாணி

ராசன் அண்ணா, புது ரீவியைக் கண்டீர்கள். கட்டிலுக்குக் கீழே இருக்கிற பேசினைக் கண்டீர்களா?

என் மாமி பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடியப்புறம் எழும்பி ஓடி நம்பர் எடுக்கிறது நான். பிரட்டிப் படுக்க வைக்கிறது நான். ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன், அந்த வேலையை விட்டதும் நான். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் ஒரு பக்கெட் என்ன விலை என்று வெளிநாட்டில் இருப்பவர் யாருக்காவது தெரியுமா? அனுப்புகிற காசுக்கு மட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கு வேண்டும். வருடத்தில் ஒரு ஆடிக்கு வந்து கோணேசர் கோயில் பார்த்து, மாமிக்கு ஒரு சொக்லேட் பெட்டி கொடுத்து, கட்டிலில் இருந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். போகும்போது மாமியின் காதில் "காசெல்லாம் சரியாய்த் தாறாளோ?"

பெறாமகள் சொல்கிற மகன் செய்வது பிழை, அதை மறைக்கவில்லை. காட்டைப் பறித்து வைத்திருப்பதும் பயமுறுத்துவதும் பிழைதான். ஆனால் வீட்டில் நின்று பார்க்கிற மகனோ மருமகளோ அந்தப் பென்சனில் சாப்பிட்டால் எல்லாமே களவு என்று எழுதாதீர்கள். பார்க்கிறவருக்கு ஒரு சம்பளம் என்று குடும்பம் வெளிப்படையாக முடிவு செய்வதில்லை. பேசாமல் விடுவார்கள், பிறகு எடுத்தால் கள்ளி.

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாமிக்கு வலது கை வழங்கும், மாத முடிவில் வாசித்துக் காட்ட அவரே கையெழுத்து வைப்பார். யாரும் கேட்டு அல்ல, நாளைக்கு என்னை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்பதற்காக.

ஸ்காபரோ ராசன்

வாணி அக்கா, உங்கள் கொப்பியைப் போல ஒன்று என் தம்பி வீட்டில் இருந்தால் நான் ஏன் பில் கேட்கப் போகிறேன்? சம்பளம் என்று சொன்னால் சந்தோசமாக அனுப்புவேன். மறைத்து எடுக்கிறதுதான் எரிகிறது.

நிலாவெளி வாணி

அப்போ சம்பளம் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள் அண்ணா. கேட்கிறவள் மருமகள், கேட்டால் என்ன பெயர் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய கஷியர்

நான் இருந்த பேங்கின் பெயர் வேண்டாம். கவுண்டருக்கு உள்ளே இருந்து இந்தக் கதையைக் கன தரம் பார்த்திருக்கிறேன். பென்சன் வருவது மாதம் 10ஆம் திகதி அளவில். அன்று பாருங்கள்: தாயைக் கதிரையில் இருத்திவிட்டு மகன் வரிசையில் நிற்பார். தாயிடம் "எவ்வளவு எடுக்கிறீங்கள் அம்மா?" என்று நாங்கள் கேட்டால் மகன் பதில் சொல்வார். இரண்டாம் தரமும் தாயைப் பார்த்தே கேட்பேன். அதற்காக ஒரு மகன் என்னை முகாமையாளரிடம் முறைப்பாடு செய்ததும் உண்டு.

ஏ.ரி.எம் வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. காட்டும் இலக்கமும் கையில் இருந்தால் மெசினுக்குத் தாயும் ஒன்று, மகனும் ஒன்று. இலக்கத்தை நீங்களாகவே இன்னொருவருக்குக் கொடுத்தால் பேங் பொறுப்பெடுக்காது.

காட்டை விடப் பெரிய ஓட்டை பென்சன் கடன். ஓய்வூதியர்களுக்கு பேங்குகள் பென்சனைக் காட்டிக் கடன் கொடுக்கும், தவணை பென்சனில் நேரே கழியும். கையெழுத்து வைப்பது தாய், காசு போவது மகனின் லீசிங்குக்கு. தாய்க்கு மாதாமாதம் பென்சன் "குறைஞ்சு" வருகிறது, ஏன் என்று அவருக்கே தெரியாது. பெறாமகள், கணக்கு அறிக்கையை எடுத்தால் கழிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நகையும் அப்படித்தான். அடைவுத் துண்டு (அடகு ரசீது) யாருடைய பெயரில் என்று பார்க்க வேண்டும். தாலிக்கொடியைத் தாயைக் கொண்டே அடைவு வைப்பித்து, துண்டை மகன் வைத்திருப்பார். தவணை தவறினால் ஏல அறிவித்தல் தாயின் பெயருக்கு வரும்.

கூட்டுக் கணக்கு பற்றியும் ஒரு சொல். "எனக்கு ஏதும் நடந்தால் லேசாக எடுக்கலாம்" என்று ஒரு பிள்ளையைச் சேர்ப்பார்கள். யாராவது ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்ற கணக்கில், தாய் இருக்கும்போதே முழுவதையும் வழித்தெடுக்கலாம், பேங் தடுக்க முடியாது. செத்த பிறகு போக வேண்டியது என்றால் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்தால் காணும், கூட்டுச் சேர்க்கத் தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. அரசாங்கம் 60 தாண்டியவர்களுக்கு ஒரு வரம்பு வரையான நிலையான வைப்புக்கு 15 வீத விசேட வட்டி கொடுத்த காலத்தில், பிள்ளைகள் தங்கள் காசைத் தாய் தகப்பனின் பெயரில் போட்டார்கள். 2022இல் அந்த ஒழுங்கு நின்றது. போட்டவன் "என் காசு" என்று எடுக்க வர, மற்றப் பிள்ளைகள் "அம்மாவின் காசைக் களவெடுக்கிறான்" என்றார்கள். அந்த மகன் சொன்னது உண்மை. அதையும் மனதில் வையுங்கள்.

கிண்ணியா நானா

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். கிழக்கில் தமிழரும் சரி முஸ்லிம்களும் சரி, பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது பரவலான வழக்கம். தகப்பன் சவூதிக்கும் கட்டாருக்கும் போய் உழைத்து ஒரு வீடு கட்டுவார், மூத்த மகளுக்கு எழுதுவார். பிறகு பின்வளவில் ஒரு பத்தி இறக்கி உம்மாவும் வாப்பாவும் அதற்குள் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்தப் பத்தியும் வீடாக வேண்டும். நல்ல மருமகன் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல மருமகன்தான் அதிகம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மற்ற மாதிரி ஒருவன் வாய்த்தால் பெற்றவர்களுக்கு உலகத்தில் ஒரு சதுர அடியும் சொந்தமில்லை.

யுத்தம் முடிந்த பிறகு இன்னொன்று வந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரர் வரத் தொடங்கக் கடற்கரைக் காணிக்கு விலை ஏறியது. தென்னை நாலும் கிணறு ஒன்றும் இருந்த வளவு திடீரென்று கோடிக்கணக்கில் பேசப்பட்டது. அதுவரை மூத்தவர்களை எட்டிப் பார்க்காத பெறாமக்கள், மருமக்கள், கனடாச் சொந்தம் எல்லாம் அப்பத்தோடு வந்தார்கள். அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாக நாங்கள் கையெழுத்து வைக்கிற அதிகாரம், எழுதித் தாங்கோ, ஓடித் திரிகிற வேலையை நாங்கள் பார்க்கிறோம் என்றார்கள். அந்தக் கடதாசியை வைத்துக் காணியையே விற்ற ஒரு கேஸ் எங்கள் உறவுக்குள் நடந்தது.

உறுதிக்காரன்

நானா சொன்ன அற்றோணித் தத்துவம் மிக முக்கியம். பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள். பென்சன் எடுக்க, மின்சார பில் கட்ட, இன்ன வழக்கில் ஆஜராக என்று குறித்த வேலைக்கு மட்டும் எழுதுவிக்கலாம். விற்கும் அதிகாரம், ஈடு வைக்கும் அதிகாரம் என்ற வரிகள் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே ரத்துச் செய்யலாம். கொடுத்தவர் இறந்த நிமிடம் அது செல்லாது. செத்தவரின் தத்துவத்தை வைத்து எழுதின உறுதிகளோடு கோட்டில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாம்பல்தீவான்

சீதனத்தை ஒழித்தால் பாதிப் பிரச்சினை முடியும்.

கிண்ணியா நானா

தம்பி, பாலையூற்றுக் கதையில் சீதனம் எங்கே இருக்கிறது? ஆம்பிளைப் பிள்ளைதானே எழுதி எடுத்திருக்கிறான்.

தம்பலகாமம் தயா

சமூக சேவைப் பக்கம் வேலை செய்தவள். பெறாமகள் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை: பெரியம்மாவுக்குத் தெரியாமல் முறையிடலாமா?

வேண்டாம். அவருக்கு 78 வயது, எட்டு வயது இல்லை. புத்தி தெளிவாக இருக்கிற ஒரு மனுசிக்குப் பின்னால் போய் நீங்கள் முடிவெடுத்தால், மகன் செய்வதற்கும் நீங்கள் செய்வதற்கும் அவர் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உயிருக்கு ஆபத்து, அடி உதை, பட்டினி என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன், அப்போது யாரையும் கேட்காமல் ஓட வேண்டும். ஞாபகம் தவறிப் போய்விட்டது என்றால் அதுவும் வேறு: மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து மருத்துவ அறிக்கையோடு சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். பெரியம்மா அந்த நிலையில் இல்லை என்று நீங்கள் எழுதியதில் இருந்து தெரிகிறது.

அவரோடு தனியாக இருந்து கதையுங்கள். வீட்டில் வேண்டாம், மருமகளின் காது அங்கே இருக்கும். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், கன்னியாவுக்குக் கூட்டிப் போங்கள். "அவன் உங்களைக் கொள்ளையடிக்கிறான்" என்று தொடங்கினால் உடனே மகனுக்காக வாதாடத் தொடங்குவார், எல்லாத் தாயும் அப்படித்தான். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்ததாக இருக்காது.

வழிகளைத் தெரிந்து வைத்திருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக் கூடாது என்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்புச் சபையில் விண்ணப்பித்துப் பிள்ளைகளிடம் கொடுப்பனவு கேட்கலாம். கனடா மகனுக்கும் மட்டக்களப்பு மகளுக்கும் அந்தக் கடமை உண்டு, இதை ராசனும் கேட்டு வைக்கட்டும். நீங்கள் போக வேண்டிய இடம் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். முதியோர் விடயம் பார்க்கிற உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் இருவரும் அங்கே இருப்பார்கள். பயமுறுத்தல் கூடினால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தாய்க்கும் பொருந்தும். அடி மட்டும் என்று இல்லை, கடுமையான மனத் துன்புறுத்தலும் அதில் வரும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

என் அனுபவத்தில் கட்டளை வரை போகிறவர்கள் குறைவு. உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு "அம்மாவின்ர காட்டை அம்மாட்டக் குடுங்கோ தம்பி" என்றால் கணிசமான இடங்களில் அதுவே வேலை செய்யும். அயல் பார்க்கிறதே என்ற பயம்.

சாம்பல்தீவான்

எட்டு வயது இல்லை, சரி. ஆனால் பயந்து போயிருக்கிற ஆள் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றால் அது அவருடைய விருப்பமா?

தம்பலகாமம் தயா

நல்ல கேள்வி. அதனால்தான் முதலில் உறுதியைப் பார்க்கச் சொன்னவர் சரி. பயத்துக்குக் காரணம் உண்டா இல்லையா என்று தெரிந்த பிறகு கேளுங்கள்.

பெறாமகள்

எல்லோருக்கும் நன்றி. காணிக் கந்தோரில் தேடி உறுதியின் பிரதி எடுத்தாயிற்று. வீடு முதலில் இருந்தே பெரியம்மாவின் பெயரில்தான். நன்கொடை உறுதி, மீளப்பெற முடியாதது என்று எழுதியிருக்கிறது. ஆனால் சீவிய உரித்து பெரியம்மாவுக்கு என்று தெளிவாக இருக்கிறது!

கோயிலால் வரும்போது என் வீட்டில் இருத்தி வாசித்துக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுத் தானே இன்னொரு தரம் வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழையையும் காட்டினார். "அப்ப என்னை வெளியில போகச் சொல்ல அவனுக்கு ஏலாது?" ஏலாது என்றேன். "இவ்வளவு நாளும் சும்மா வெருட்டினவன்" என்றார். கோபம் வரும் என்று பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது அவருக்கு.

பிறகு பேங். கஷியர் ஐயா சொன்னது அப்படியே: பென்சன் கடன் ஒன்று கழிந்துகொண்டிருக்கிறது. நான் கொதித்துப் போய்க் கேட்டால், பெரியம்மாவுக்கு அது தெரியும்! "கடன்காரன் வாசலில் வந்து நின்று கத்தினவன், நான்தான் வைச்சுக் குடுத்தனான்" என்றார். அது அவரே விரும்பிச் செய்தது. ஆனால் கடன் கழிந்த பிறகு மிஞ்சுகிற பென்சனும் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. கடன் முடியும்வரை ஒன்றும் மிஞ்சாது என்று மகன் சொல்லி வைத்திருக்கிறார். அறிக்கையைப் பார்த்து அதற்குத்தான் அழுதார்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று தயா அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். வழக்கு வேண்டாம், வீடு அவனுக்கே போகட்டும், பேரப்பிள்ளைகள் அங்கேதான். காட் வேண்டும். மருந்து தானே வாங்க வேண்டும். மருமகளிடம் கேட்காமல் கோயிலுக்குப் போக வேண்டும். பழைய காட்டை ரத்துச் செய்து புதியது எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வீட்டில் சொன்னபோது மகன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மருமகள்தான் எதிர்பாராமல் "நல்லது, இனி மருந்துக் காசுக்கு என்னைக் கேட்க மாட்டீங்கள்" என்றாராம். அவரும் புருசனிடம் கேட்டு நின்றவர்தான் போல.

மூத்தவருக்குச் சொல்ல பெரியம்மா விடவில்லை. "அவன் கத்துவான், இவன் குடிப்பான்" என்றார்.

சாம்பல்தீவான்

இவ்வளவு எடுத்தவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை, வீடும் அவனுக்கே. எனக்கு இது நீதியாகத் தெரியவில்லை.

உறுதிக்காரன்

சாம்பல்தீவான் தம்பி, அது நீதியாகத் தெரிய வேண்டியது உங்களுக்கு இல்லை, பெரியம்மாவுக்குத்தான். ஆனால் ஒரு காவல் போடுங்கள் பெறாமகள். சீவிய உரித்து இருந்தாலும் மகன் தன் பங்கை அதற்கு உட்பட்டு விற்கலாம், ஈடு வைக்கலாம். வாங்குகிறவன் பெரியம்மாவை எழுப்ப முடியாது, ஆனால் தொல்லை கொடுக்கலாம். காணிக் கந்தோரில் அந்தக் காணிக்குக் கேவியற் ஒன்று போட்டு வைத்தால், ஏதாவது உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு செய்யுங்கள். சீவிய உரித்தைக் கைவிடுகிறேன் என்று ஒரு கடதாசி நீட்டினால் பெரியம்மா கையெழுத்து வைக்கவே கூடாது. அடுத்து வருவது அதுதான்.

பழைய கஷியர்

புது இலக்கத்தைப் பெரியம்மா எழுதி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டின் உறையிலேயே எழுதி வைப்பவர்கள்தான் கனபேர். மகனுக்கு அவர் மாதம் ஏதாவது கொடுக்க விரும்பினால் நிலையான கட்டளை ஒன்று போடலாம், குறித்த தொகை தானாக மகனின் கணக்குக்குப் போகும். வாசலில் சண்டையும் இல்லை, கூடக் குறையவும் இல்லை.

நிலாவெளி வாணி

மருமகளின் பெயருக்குப் போடச் சொல்லுங்கள்.

கந்தளாய் கமலா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமாவின் வயல் காணிக்கு உறுதி இல்லை, அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரம்தான். மாமிதான் பின்னுரித்தாளர். இப்போது மகன் நொத்தாரிசிடம் போய்த் தன் பெயருக்கு எழுதுவோம் என்று நிற்கிறார். மாமா வைத்துவிடுவார் போல இருக்கிறது. வைத்தால் காணி போய்விடுமா?

உறுதிக்காரன்

அனுமதிப்பத்திரக் காணியை அப்படி நொத்தாரிசிடம் எழுத முடியாது அக்கா. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது அது, அனுமதி இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. பின்னுரித்தாளரை மாற்றுவதென்றாலும் அந்தச் சட்டம் சொல்கிற முறைப்படி பதிய வேண்டும், அதுவும் மாமா தானாக விரும்பினால் மட்டும். மாமாவுக்குப் பிறகு மாமிக்கு அந்தக் காணியில் வாழ்நாள் முழுவதும் இருக்கிற உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அவசரப்பட ஒன்றும் இல்லை. அனுமதிப்பத்திரத்தையும் கட்டின வருட வரி ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, மகன் இல்லாமல் மாமாவையும் மாமியையும் காணி உத்தியோகத்தரிடம் கூட்டிப் போங்கள். மிச்சத்துக்குத் தனி இழை ஒன்று திறவுங்கள், இதில் எழுதினால் பாலையூற்றுக் கதையோடு கலந்து போகும்.